நிர்வாணக் கடற்கரைக்குப் போனால் விசாவுக்கு ஆபத்தா?

கேள்வி:

எனக்கு 38 வயது. நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர். சவுத்தாம்ப்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். பதினாறு வயதில் உடம்பில் வெண்புள்ளி வந்தது. இப்போது முதுகு, வயிறு, தொடை எல்லாம் பரவிவிட்டது. அதனால் ஊரில் இரண்டு முறை கல்யாணப் பேச்சு நின்றுபோனது. கடற்கரை ஊரில் பிறந்தும் கடலில் கால் நனைத்ததோடு சரி, குளித்ததே இல்லை, நீச்சலும் தெரியாது. என் வார்டில் வேலை செய்யும் தோழி ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண், டார்செட்டில் உள்ள ஸ்டட்லண்ட் நிர்வாணக் கடற்கரைக்குக் கணவரோடு பல வருடமாகப் போய்வருகிறார். "அங்கே யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை, ஒருநாள் வந்து பார்" என்று கூப்பிடுகிறார். விடுமுறையில் கார்ன்வாலில் பெட்ன் வவுண்டர் என்ற ஒதுக்குப்புறமான கடற்கரைக்கும் போகப் போகிறார்களாம். ஜூன் கடைசியில் எது வசதியோ அதற்கு வரச் சொல்கிறார். என் கணவர், "உனக்கு ஆசை இருந்தால் நானும் வருகிறேன்" என்கிறார். ஆசை இருக்கிறது. பயமும் இருக்கிறது. போலீஸ் பிடித்தால் நர்ஸ் பதிவு போய்விடுமா? அடுத்த வருடம் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கெடுதல் வருமா? யாராவது போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் என்ன செய்வது? இதெல்லாம் தப்பா என்றும் எனக்குத் தெரியவில்லை.

— பெயர் வேண்டாம், சவுத்தாம்ப்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்டட்லண்டில் அதற்கென்று குறித்து வைத்திருக்கும் பகுதியில் நீங்கள் உடையில்லாமல் உட்கார்ந்திருப்பது, நடப்பது, குளிப்பது எதுவும் இங்கிலாந்துச் சட்டப்படி குற்றம் இல்லை. அங்கே போய்வந்ததற்காக உங்கள் நர்ஸ் பதிவும் போகாது, விசாவும் போகாது. இதைப் படித்துவிட்டு இன்றிரவு நிம்மதியாகத் தூங்குங்கள். மற்றதை நாளைக்குக்கூட நிதானமாகப் படிக்கலாம்.

குற்றவியல் வழக்கறிஞராக இருப்பதால் ஏன் குற்றம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால்தான் எங்கே எல்லை மாறுகிறது என்பதும் உங்களுக்குப் புரியும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் "பொது இடத்தில் நிர்வாணமாக இருக்கக் கூடாது" என்று ஒரு சட்டம் கிடையாது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். இருப்பது 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 66ஆம் பிரிவு. ஒருவர் வேண்டுமென்றே தன் பிறப்புறுப்பை வெளிக்காட்ட வேண்டும், அதை யாராவது பார்த்துக் கலங்க வேண்டும் அல்லது துன்பப்பட வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம். அதற்கு முன்பு 1824, 1847ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்களை வைத்துக்கொண்டுதான் இப்படிப்பட்ட வழக்குகளை நடத்தினார்கள். 2003 சட்டம் மசோதாவாக இருந்தபோது, சொற்கள் அகலமாக இருந்தால் கடலில் சும்மா குளிப்பவர்களும் மாட்டிக்கொள்வார்கள் என்று நேச்சுரிஸ்ட்கள், அதாவது உடையில்லாமல் இருப்பதை இயல்பான பழக்கமாக வைத்திருப்பவர்கள், முறையிட்டார்கள். கடைசியில் "கலங்க வைக்கும் எண்ணம்" என்பதைச் சட்டத்தின் மையத்தில் வைத்தார்கள். பூங்காவில் ஒளிந்திருந்து பெண்களைப் பயமுறுத்துகிற ஆளையும், வெயிலில் துண்டு விரித்துப் படுத்திருக்கிற ஒருவரையும் சட்டம் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது.

இன்னொரு சட்டம் 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. மிரட்டும் விதமாகவோ இழிவுபடுத்தும் விதமாகவோ நடந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவோ கலக்கமோ துன்பமோ வரக்கூடும் என்றால் அது பாயும். தண்டனை அபராதம்தான், சிறை இல்லை. ஆனால் அபராதமும் குற்றத் தீர்ப்புதான், அதனால் இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. ஸ்டீபன் கோஃப் என்ற முன்னாள் கடற்படை வீரரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பூட்ஸும் தொப்பியும் முதுகுப்பையும் மட்டும் அணிந்து நாடு முழுக்க நடந்தவர். அவர் 2012இல் ஹாலிஃபாக்ஸ் நகரின் நடுவில், கடைவீதியில், உடையில்லாமல் நடந்தார். 5ஆம் பிரிவில் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை அடுத்த வருடம் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அவர் யாரையும் தொடவில்லை, பாலியல் எண்ணமும் இல்லை. கடைக்கு வந்தவர்கள் அப்படி ஒரு காட்சியை எதிர்பார்த்து வரவில்லை என்பதுதான் அங்கே சிக்கல்.

சகோதரி, இந்த வழக்கிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். சட்டம் உங்கள் உடம்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. சுற்றியிருப்பவர்கள் தெரிந்து வந்தவர்களா, தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களா என்பதைத்தான் பார்க்கிறது. அரசுத் தரப்பில் வழக்குகளை நடத்தும் கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸ் தன் வழிகாட்டுதலில் இதைத்தான் சொல்கிறது. பாலியல் நோக்கம் இல்லை, யாரையும் கலங்க வைக்கும் எண்ணமும் இல்லை என்றால், பொதுமக்களில் யாருக்காவது உண்மையிலேயே தொந்தரவோ கலக்கமோ துன்பமோ ஏற்பட்டிருந்தால் ஒழிய, சாதாரணமாக நடவடிக்கை வேண்டாம் என்பது அதன் நிலை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு. அதே கோஃப் அங்கே வருடக்கணக்கில் சிறையில் இருந்தார். இந்தியாவில் பொது இடத்தில் இப்படி இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவில் வழக்கே வரலாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது இந்தத் தைரியத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். இரண்டு கடற்கரைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். என் யோசனை ஸ்டட்லண்ட். பெட்ன் வவுண்டருக்கு, குறைந்தது முதல் தடவையாக, போகாதீர்கள்.

ஸ்டட்லண்ட் கடற்கரை, இயற்கை இடங்களையும் பழைய சொத்துகளையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குச் சொந்தமானது. பேங்க்ஸ் குடும்பம் விட்டுச்சென்ற பெரிய சொத்தின் ஒரு பகுதியாக 1980களின் தொடக்கத்தில் அவர்கள் கைக்கு வந்தது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்த மணலில் இப்படிக் குளிக்கும் பழக்கம் உண்டு. நேஷனல் டிரஸ்ட் அதைத் தடுக்காமல், நீளக் கடற்கரையின் நடுவில் ஒரு துண்டை மட்டும் இதற்கென்று ஒதுக்கி, இரண்டு பக்கமும் பலகை வைத்திருக்கிறது. இதைத் தாண்டினால் உடையில்லாதவர்களைப் பார்க்க நேரலாம் என்று நடந்து வருபவருக்கு அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பார்க்க விரும்பாதவர் மணல்மேட்டுக்குப் பின்னால் புதர்க்காட்டு வழியாகப் போய்விடலாம். ஒரு வழக்கறிஞரின் கண்ணுக்கு அந்தப் பலகை மிகவும் அழகான பொருள். கடைவீதியில் கோஃபுக்கு இல்லாதது அங்கே உங்களுக்கு இருக்கிறது. அதைத் தாண்டி வந்தவர் தெரிந்தே வந்தவர்.

பெட்ன் வவுண்டர் அப்படி இல்லை. கார்ன்வாலின் மேற்குக் கோடியில், டிரீன் என்ற சின்ன ஊருக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவே இருக்கிறது. படத்தில் பார்த்தால் நம்ப முடியாத நீலம். பல காலமாக நேச்சுரிஸ்ட்கள் போகிற இடம்தான், ஆனால் அது வழக்கத்தால் வந்த பழக்கம். சமீப வருடங்களில் படங்களைப் பார்த்துவிட்டு நீச்சலுடையில் வருகிறவர்கள் கூட்டமாக வருகிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த இடத்தின் பழக்கமே தெரியாது. சட்டப்படி அங்கேயும் நீங்கள் குற்றவாளி ஆகிவிடப் போவதில்லை. ஆனால் யார் தெரிந்து வந்தார்கள், யார் தெரியாமல் வந்தார்கள் என்ற கேள்வி அங்கே குழம்பிக் கிடக்கிறது. கையில் போனோடு வருகிறவர்களும் அங்கேதான் அதிகம்.

அதைவிடப் பெரிய கவலை கடல். பெட்ன் வவுண்டருக்கு இறங்கும் வழியின் கடைசிப் பகுதி பாறையில் கையும் காலும் ஊன்றி இறங்க வேண்டியது. கடல் ஏறினால் மணல் பெரும்பாலும் மூழ்கிவிடும். உங்கள் ஊர்ப்பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ஆறு மணி நேரத்தில் ஐந்து மீட்டரை ஒட்டி ஏறுகிற கடலின் வேகம் பிடிபடாது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில்தான் அந்த அளவு. மணல் திட்டுகளுக்கு இடையே இழுப்பும் பலமாக இருக்கும், உயிர்காப்பாளர்களும் அந்தக் கடற்கரையில் இல்லை. நீச்சல் தெரியாத ஒருவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலில் இறங்குகிற இடம் அது இல்லை. இதில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். உங்கள் தோழி வருடக்கணக்கில் போய்வருகிறவராக இருக்கலாம். அவருக்குப் பழகிய பாறை உங்களுக்குப் பழக்கம் இல்லை.

ஸ்டட்லண்டில் மணல் மெதுவாகச் சரிகிறது, பூல் பக்கத்துக் கடலில் ஏற்றவற்றமும் குறைவு. போர்ன்மத்திலிருந்து ஸ்வானேஜ் போகும் பஸ், சாண்ட்பேங்க்ஸில் சங்கிலியில் இழுபடும் ஃபெரியில் ஏறி மறுகரைக்குப் போகும். அங்கே ஷெல் பே பக்கம் இறங்கித் தெற்கே மணலில் நடக்க வேண்டும். கார் என்றால் எதிர்ப்பக்கம் நால் பீச்சில் நிறுத்திவிட்டு வடக்கே நடக்கலாம். எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் நல்ல நடைதான். நடுவில் கடையோ கழிப்பறையோ இல்லை. தண்ணீர், சாப்பாடு, துண்டு எல்லாம் தோளில் வர வேண்டும்.

நான் அங்கே உடை களைந்து உட்கார்ந்ததில்லை. ஆனால் அந்த மணலில் நடந்திருக்கிறேன். 630 மைல் நீளமுள்ள தென்மேற்குக் கடற்கரைப் பாதை ஷெல் பேயின் ஓரத்தில்தான் முடிகிறது, அல்லது தொடங்குகிறது. ஒரு நண்பியோடு அந்தக் கடைசித் துண்டை நடந்தபோது பலகையைத் தாண்டித்தான் வந்தோம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் அது போய்விட்டது. எழுபது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சில் அறுவைத் தழும்போடு பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி ஒரு மார்பு எடுக்கப்பட்ட ஒரு பெண் கால்களை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, இன்றைக்குக் காற்று அதிகம் இல்லையா என்றார். நாங்களும் ஆமாம் என்றோம். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான்.

ஸ்டட்லண்டுக்குள்ளும் ஒரு எச்சரிக்கை உண்டு. மணலிலேயே, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிற திறந்த இடத்திலேயே இருங்கள். பின்னால் இருக்கும் மணல்மேடுகளுக்குள், புதர் மறைவு தேடிப் போகாதீர்கள். வெட்கப்படுகிற மனசு மறைவைத்தான் தேடும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட கடற்கரைகளில் புகார் வருவது பெரும்பாலும் மறைவான இடங்களிலிருந்துதான். வேறு நோக்கத்தோடு வருகிற சிலர் அங்கே திரிவார்கள், போலீஸும் அங்கேதான் கண் வைக்கும். அதோடு அது பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பிடம். பிரிட்டனின் ஆறு வகை ஊர்வனவும் அந்தப் புதர்க்காட்டில் வாழ்கின்றன. அதில் ஒன்று விரியன் இனத்து ஆடர் பாம்பு. உண்ணியும் உண்டு. பாதையை விட்டு இறங்காமல் இருந்தால் இவை எதுவும் உங்களைத் தேடி வராது.

இனி, உங்கள் வேலையும் விசாவும்.

இப்படிப்பட்ட விஷயத்தில் இரண்டுக்கும் பிரச்சினை வருவது பெரும்பாலும் குற்றத் தீர்ப்பாலும் போலீஸ் எச்சரிக்கைப் பதிவாலும்தான். காஷன் என்று இங்கே சொல்வார்களே, அது. நர்ஸ் பதிவைக் கவனிக்கும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் நடத்தை விதிப்படி, உங்கள் மேல் காஷனோ குற்றச்சாட்டோ வந்தால் கவுன்சிலுக்கும் வேலை கொடுப்பவருக்கும் நீங்களே சொல்ல வேண்டும். நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்திலும் இந்தக் கேள்வி வரும். ஓய்வு நாளில் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு கடற்கரையில் எப்படிக் குளித்தீர்கள் என்று இரண்டு பேருமே கேட்பதில்லை. நீங்கள் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை.

ஆனால் காஷன் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இது கடற்கரைக்கு மட்டுமல்ல, இந்த நாட்டில் வாழும் நம் ஆட்கள் எல்லோருக்கும் பொருந்தும். சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். ஒரு கடையில் சின்னத் தகராறு, தள்ளுமுள்ளு. போலீஸ் நிலையத்தில் இரவு பதினொரு மணிக்கு, ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அது வெறும் அறிவுரை என்று நினைத்துக்கொண்டு, விசா விண்ணப்பத்தில் குறிப்பிடவும் இல்லை. கையெழுத்துப் போட்டதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தகராறைவிட, சொல்லாமல் விட்டதுதான் அவரை அதிகம் வதைத்தது. அவர் அழுதது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. போலீஸ் நிலையத்தில் இலவச சட்ட ஆலோசனை கேட்பது இங்கே யாருக்கும் உள்ள உரிமை. விசா எதுவாக இருந்தாலும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அது இலவசம்தான். எந்த விஷயத்திலும், எந்த நேரத்திலும், அதைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஸ்டட்லண்டில் யாராவது போலீஸ்காரர் வந்து உடுத்திக்கொள்ளச் சொன்னால், அமைதியாகத் துண்டைச் சுற்றிக்கொண்டு பேசுங்கள். வாதம் செய்வது என்னைப் போன்றவர்களின் வேலை.

போட்டோ விஷயத்தில் உங்களுக்கு முழு ஆறுதல் கொடுக்க முடியவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். பொது இடத்தில் படம் எடுப்பதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் இங்கே இல்லை. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் பகிர்வது 2024 ஜனவரி 31 முதல் தனிக் குற்றம். அது 66ஆம் பிரிவை ஒட்டிப் புதிதாகச் சேர்த்த 66பி பிரிவு. ஆனால் அதில் ஒரு விலக்கு இருக்கிறது. படம் பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் எடுக்கப்பட்டிருந்தால், அதில் இருப்பவர் தாமாகவே அந்த நிலையில் இருந்திருந்தால், படம் எடுக்கப்படாது என்று அவர் நியாயமாக எதிர்பார்த்திருக்கவும் முடியாது என்றால், பகிர்ந்தவர் தப்பித்துவிடலாம். நேச்சுரிஸ்ட் கடற்கரையில் படம் எடுக்கக் கூடாது என்பது எல்லோரும் மதிக்கிற வழக்கம், ஆகவே அந்த எதிர்பார்ப்பு நியாயமானதே என்று நான் நீதிமன்றத்தில் வாதாடுவேன். எதிர்த்தரப்பும் வாதாடும். அதனால் சட்டத்தை மட்டும் நம்பி இருக்காமல் முன்கூட்டியே சில ஏற்பாடுகள் செய்துகொள்வது நல்லது.

தோழியிடமும் அவர் கணவரிடமும் கிளம்புவதற்கு முன்பே பேசுங்கள். ஃபெரியை விட்டு இறங்கியதும் நான்கு போன்களும் பைக்குள். கடல் அழகாக இருக்கிறது என்று ஒரு படம்கூட வேண்டாம். பின்னணியில் யார் விழுவார்கள் என்று எடுக்கும்போது தெரியாது. யாராவது உங்கள் பக்கம் போனைத் திருப்பினால் துண்டைப் போர்த்திக்கொண்டு உங்கள் கணவரையோ தோழியையோ பேசச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் பழகியவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர்களே எழுந்து வந்துவிடுவார்கள். மிரட்டல் என்றால் அவசர எண் 999, இல்லையென்றால் போலீஸின் சாதாரண எண் 101. அதையும் மீறிப் படம் வெளியே போய்விட்டால், ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்பாமல், உங்கள் போனிலேயே அதற்கு ஒரு எண்முத்திரை உருவாக்கி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்கு அந்த முத்திரையை மட்டும் கொடுத்து, படம் ஏறாமல் தடுக்கப் பார்க்கும். மூடிய குழுக்களுக்குள் சுற்றுவதைத் தடுப்பது கஷ்டம். அப்படி ஒரு நிலை வந்தால் தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், தனியாக வைத்துக்கொண்டு மருகாதீர்கள்.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? உங்கள் வார்டில் படுத்திருந்த நோயாளி ஒருவரே எதிரில் வரலாம். வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு நடங்கள். அவரும் அதே மணலில்தான் இருக்கிறார்.

தோல் பற்றி ஒரு நர்ஸுக்கு நான் பாடம் எடுக்கக் கூடாது. ஆனால் ஆசை வந்த நாளில் தனக்குத் தெரிந்ததையே மறப்பது மனித இயல்பு. வெள்ளையான இடங்களில் மெலனின் இல்லை. இருபத்திரண்டு வருடமாக வெயிலே காணாத முதுகும் தொடையும், கன்னியாகுமரி வெயிலில் வளர்ந்தவர் என்பதற்காக உங்களை விட்டுவைக்காது. வெயில் சுட்ட இடத்தில் புதிய புள்ளி கிளம்பலாம் என்பதும் உங்களுக்குத் தெரியும். எஸ்பிஎஃப் 50 வெயில் பூச்சு, தண்ணீரிலிருந்து வந்த ஒவ்வொரு முறையும், இல்லாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. முதுகில் உங்கள் கணவர் தடவட்டும். நிழலுக்கு ஒரு சின்னக் கூடாரம். காலை பதினொரு மணி முதல் மூன்று மணி வரை அதற்குள்ளேயே இருங்கள். உங்கள் தோல் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் நம்மூர்த் தண்ணீர் இல்லை. ஜூனில் 15 டிகிரி ஒட்டித்தான் இருக்கும். சட்டென்று இறங்கினால் மூச்சு அடைத்துக்கொண்டு தானாகவே திணறும். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மெதுவாக இறங்குங்கள். மூச்சு திணறினால் மல்லாந்து மிதக்கப் பாருங்கள். உங்களுக்கு நீச்சல் தெரியாததால் இடுப்பளவோடு நின்றுகொள்ளுங்கள், கணவர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மணலில் புதைந்திருக்கும் வீவர் மீன் குத்தும், அதனால் காலுக்கு ரப்பர் செருப்பு. கடலில் யாருக்காவது ஆபத்து என்றால் 999இல் கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் தோழி சொல்ல மறந்திருக்கலாம். அங்கே உடை களைவது கட்டாயம் இல்லை. நீச்சலுடையோடு இருக்கலாம், லுங்கியைச் சுற்றிக்கொண்டு இருக்கலாம், மேலாடை மட்டும் எடுத்துவிட்டு உட்காரலாம். போய்ப் பத்து நிமிடத்தில் "வேண்டாம், கிளம்பலாம்" என்று தோன்றினால் கிளம்பிவிடலாம். உங்கள் கணவருக்கும் அதே உரிமை உண்டு. "உனக்கு ஆசை இருந்தால் நானும் வருகிறேன்" என்ற பேச்சில் அன்பு இருக்கிறது, ஆனால் அவர் தனக்கு என்ன வேண்டும் என்று இன்னும் சொல்லவில்லை. ஒரு மாலையில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் உடுத்திக்கொண்டு கூடாரத்தில் புத்தகம் படிக்க விரும்பினால், அதுவும் சரிதான்.

தப்பா என்று கேட்டீர்கள். இது சட்டக் கேள்வி இல்லை, ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். ஒரு காலத்தில் இந்த நாட்டிலும் ஆண்கள் உடையில்லாமல்தான் கடலில் குளித்தார்கள். பிறகு அதைத் தப்பு என்றார்கள். 1980 ஏப்ரல் முதல் தேதி பிரைட்டனில் நகராட்சியே இதற்கென்று ஒரு கடற்கரையைத் திறந்தது. அதற்காகப் போராடிய ஐலீன் ஜேக்ஸ் அந்த நகராட்சியின் பெண் உறுப்பினர். அன்று ஊரே பாழாகிவிடும் என்று எதிர்த்தவர்கள் உண்டு. பிரைட்டன் பாழாகவில்லை. தப்பு, சரி என்பது இந்த விஷயத்தில் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஊரில் உங்கள் அம்மாவுக்கு இது புரியாமல் போகலாம். அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பதினாறு வயதில் வந்த புள்ளியைப் பார்த்து வெண்குஷ்டம் என்று பெயர் சொல்லி, இரண்டு வீட்டார் எழுந்து போனார்களே, எனக்குத் தப்பாகப் படுவது அதுதான். நீங்கள் ஒருநாள் முழுக்கைச் சட்டை இல்லாமல் காற்றில் உட்கார ஆசைப்படுவதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

கடைசியாக, தேதி. ஜூன் கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே வெயிலின் கடுமை உச்சத்தில் இருக்கும் வாரங்கள் அவைதான். கடல் இன்னும் சூடாகியிருக்காது, விடுமுறைக் கூட்டமும் சேரத் தொடங்கும். செப்டம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு வேலைநாளில் உங்கள் இருவருக்கும் ஓய்வு கிடைக்குமா பாருங்கள். பள்ளிகள் திறந்திருக்கும். வெயில் தணிந்திருக்கும். தண்ணீர் 17, 18 டிகிரி வரை வந்திருக்கும். உங்கள் தோலுக்கும், முதல் முறை கடலில் இறங்கும் காலுக்கும் அதுதான் நல்லது. தோழியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பல வருடமாகப் போய்வருகிறவர், நிச்சயம் ஒத்துக்கொள்வார்.